பின்னால எத்தனை ஓட்டை இருக்கு? ஒரே பிரிண்டரை நாலு கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் வழி

கல்லிடைக்குறிச்சியில் இருந்துகொண்டு அம்பை, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பாளை வரைக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். பத்திர எழுத்தர் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, அரிசி மில், அப்பளக் கம்பெனி, வக்கீல் வீடு என்று எங்கே போனாலும் தவறாமல் வரும் வேலை ஒன்று உண்டு. பிரிண்டர் ஒன்று, கம்ப்யூட்டர் மூன்று நாலு. எல்லாவற்றிலிருந்தும் பிரிண்ட் வர வேண்டும். போனில் கூப்பிடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் மாடல் நம்பரைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அது அப்புறம். நான் முதலில் கேட்பது: "அண்ணாச்சி, பிரிண்டரைத் திருப்பிப் பாருங்க. பின்னால எத்தனை ஓட்டை இருக்கு?"

கரண்ட் வயர் சொருகும் இடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சதுரமாக, மேல் மூலை இரண்டையும் சீவிவிட்டது போல ஓர் ஓட்டை இருந்தால் அது யுஎஸ்பி. இன்னொன்று, மோடத்தின் முதுகில் வரிசையாக இருக்கிறதே, அதே போல அகலமாக, உள்ளே எட்டுக் கம்பி மினுங்கும் ஓட்டை இருந்தால் அது லேன். சிலதில் லேன் இருக்காது, முகப்பில் வைஃபை பட்டன் இருக்கும். லேனோ வைஃபையோ இருந்தால் பிரிண்டரை நேராக நெட்வொர்க்கில் உட்கார வைத்துவிடலாம். யுஎஸ்பி மட்டும்தான் என்றால் ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, அதன் மூலமாக மற்றவற்றுக்குப் பகிர வேண்டும். நம்ம பக்கத்துக் கடைகளில் இன்றைக்கும் அசராமல் உழைக்கிற கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 எல்லாம் இந்த இரண்டாவது வகை.

எந்த வகையானாலும் சரி, டிரைவரை, அதாவது கம்ப்யூட்டரைப் பிரிண்டரோடு பேசவைக்கும் மென்பொருளை, தேடி ஓடுவதற்கு முன்னால் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவதிலேயே பொழுதைத் தொலைத்தவர்கள் வீட்டுக்கு நான் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கிலேயே இருக்காது. முன்னறை மெஷின் பிராட்பேண்டில் இருக்கும், உள்ளறை லேப்டாப் யாரோ ஒருவர் போன் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும். இரண்டிலும் இன்டர்நெட் வருகிறது, அதனால் யாருக்கும் சந்தேகமே வராது.

பார்க்கும் விதம் இதுதான். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் சிஎம்டி என்று அடித்து, வரும் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியில் 192.168.1.5 மாதிரி ஓர் எண் தெரியும். எல்லா மெஷினிலும் இதைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் போட்டிருக்கும் சாதாரண அமைப்பில் முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசி மட்டும் மாற வேண்டும். ஒன்றில் 192.168.1 என்றும் இன்னொன்றில் 192.168.0 என்றும் வந்தால் நடுவே சுவர் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சுவர் எங்கிருந்து வருகிறது? நீளமான கடை, பின்னால் சிக்னல் எட்டவில்லை என்று இன்னொரு வைஃபை ரவுட்டர் வாங்கி, மோடத்திலிருந்து வயர் இழுத்து, அதன் வான் ஓட்டையில் (வெளியிலிருந்து இன்டர்நெட் வரும் வயருக்கானது) மாட்டியிருப்பார்கள். அப்படி மாட்டினால் இரண்டாவது ரவுட்டர் தனிக்குடித்தனம் போய்விடும். அந்த ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் அதன் டிஎச்சிபியை, அதாவது மெஷின்களுக்குத் தானாக எண் கொடுக்கும் வேலையை, அணைத்து, அதற்கு மோடம் வரிசையிலேயே வேறு யாரும் வைத்திராத ஓர் எண்ணைக் கொடுத்து, வயரை வான் ஓட்டையிலிருந்து எடுத்து லேன் ஓட்டையில் மாட்டிவிடுங்கள். கெஸ்ட் வைஃபை என்று வாடிக்கையாளருக்குத் திறந்துவிட்ட பெயரில் உங்கள் லேப்டாப் சேர்ந்திருந்தாலும் இதே கதிதான், பிரிண்டரைப் பார்க்கவிடாது.

சரி, எல்லாம் ஒரே நெட்வொர்க். அடுத்து, பிரிண்டருக்கோ பிரிண்டர் மாட்டிய கம்ப்யூட்டருக்கோ நிலையான முகவரி கொடுக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மத்தியானம் வரை மின்சாரம் நிறுத்துகிற நாள் முடிந்ததும் எனக்கு வரும் போன் முக்கால்வாசி இதற்குத்தான். "நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடிச்சு தம்பி, இன்னைக்கு பிரிண்டர காணலைங்கு." மோடம் முகவரி கொடுப்பது கல்யாணப் பந்தி மாதிரி, யார் முதலில் வந்தாரோ அவருக்கு அந்த இலை. கரண்ட் போய் வந்ததும் எல்லா மெஷினும் ஒன்றாக எழுந்து வரும், நேற்று பிரிண்டர் வைத்திருந்த எண்ணை இன்று யாரோ ஒருவர் போன் வாங்கியிருக்கும். கம்ப்யூட்டரோ பழைய எண்ணிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான மோடங்களின் அமைப்புப் பக்கம் திறக்கும். வேறு எண்ணாக இருந்தால் ஐபிகான்ஃபிக் காட்டிய இடத்திலேயே டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருக்கும். பெயரும் கடவுச்சொல்லும் மோடத்தின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே டிஎச்சிபி பகுதியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்றோ ஸ்டாட்டிக் லீஸ் என்றோ ஓர் இடம் உண்டு. அங்கே பிரிண்டரின் மேக் அட்ரஸைப் போட்டு, இவருக்கு எப்போதும் 192.168.1.50 என்று எழுதிவைத்துவிட்டால் கரண்ட் எத்தனை முறை போனாலும் மாறாது. மேக் அட்ரஸ் என்பது இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடி. பிரிண்டரிலேயே அமைப்புத் தாள் ஒன்று அச்சடிக்கலாம், அதில் இருக்கும். எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினால் அது வரும் என்பது மாடலுக்கு மாடல் வேறு. கம்ப்யூட்டர் என்றால் ஐபிகான்ஃபிக்குக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ஆல் என்ற சொல்லும் சேர்த்து அடித்தால் ஃபிசிக்கல் அட்ரஸ் என்று காட்டும். எண்ணைக் கொடுத்த கையோடு ஒரு சின்னத் தாளில் எழுதி பிரிண்டர் மூடியின் உட்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். அடுத்து யார் வந்து பார்த்தாலும் உதவும்.

நெட்வொர்க் ஓட்டை உள்ள பிரிண்டருக்கு இதற்கு மேல் வேலை குறைவு. செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், ஆட் டிவைஸ். தானாகத் தேடிக் காட்டும் பெயரைத் தொட்டுச் சேர்க்கலாம், அச்சும் வரும். ஆனால் அப்படிச் சேர்க்கும்போது விண்டோஸ் பல நேரம் டபிள்யுஎஸ்டி என்ற போர்ட்டை (பிரிண்டருக்குப் போகும் வாசல்) போட்டுக்கொள்ளும், அது நினைத்தபோது ஆஃப்லைன் என்று முரண்டு பிடிக்கும். நான் எப்போதும் கையால் சேர்ப்பவன். நான் தேடும் பிரிண்டர் பட்டியலில் இல்லை என்று ஒரு வரி கீழே தோன்றும், அதன் பக்கத்தில் ஆட் மேனுவலி. அதற்குள் டிசிபி ஐபி அட்ரஸ் மூலம் சேர்க்கும் வழியைத் தேர்ந்து, ஒட்டிவைத்த அந்த எண்ணைப் போடுங்கள். 9100 என்ற போர்ட்டில் பேசும். பெரும்பாலான பிரிண்டர்களுக்கு அதைத் தொடவே வேண்டாம். டிரைவரைத் தயாரிப்பாளர் இணையதளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். இதற்குப் பிறகும் ஆஃப்லைன் என்று காட்டி, அந்தக் கறுப்புத் திரையில் பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு பிரிண்டர் எண்ணைப் போட்டால் மட்டும் பதில் வருகிறது என்றால், பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ், கான்ஃபிகர் போர்ட் என்று போய் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். சரியாகிவிடும் கேஸ் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வைஃபை பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே பிடிக்கும். மோடத்தில் 5 என்று முடியும் பெயரில் அதைச் சேர்க்கப் பார்த்தால் காலம் முழுக்க விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். பிரிண்டரை 2.4-ல் சேருங்கள்; கம்ப்யூட்டர் 5-ல் இருந்தாலும் பரவாயில்லை, மோடம் ஒன்றுதான் என்றால் நெட்வொர்க்கும் ஒன்றுதான்.

இனி யுஎஸ்பி மட்டும் உள்ள பிரிண்டர். இதில்தான் எல்லாச் சிக்கலும்.

எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டுவது என்பதை நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள். காலையில் முதலில் திறந்து ராத்திரி கடைசியாக அணைக்கிற மெஷின் எதுவோ அது. அது அணைந்திருந்தால் மற்ற யாருக்கும் பிரிண்ட் கிடையாது, தூங்கினாலும் கிடையாது. அதனால் பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நெவர் ஆக்கிவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரையும் மோடத்தையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள், லேசர் பிரிண்டரை மட்டும் மாட்டாதீர்கள். உள்ளே தாளைச் சூடாக்கும் உருளை கரண்டை ஒரே மடக்கில் இழுக்கும். கடைகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் அந்த இழுப்பு தாங்காமல் கத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும், கூடவே பாதி அடித்த பத்திரமும் போகும்.

மாட்டிய மெஷினில் முதலில் ஒரு டெஸ்ட் பேஜ் ஒழுங்காக வரட்டும். அங்கேயே வராதது அடுத்த அறையில் வராது. அப்புறம் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போய், நீங்கள் சேர்ந்திருக்கும் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் பிராப்பர்ட்டீஸில் பப்ளிக் என்று இருப்பதை பிரைவேட் ஆக்குங்கள். பப்ளிக் என்றால் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து விண்டோஸ் யாரையும் உள்ளே விடாது. அதே பகுதியில் அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸ். பிரைவேட் நெட்வொர்க்கின் கீழ் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். இதைச் செய்யும் வரை பிங் அடித்தாலும் பெரும்பாலும் பதில் வராது, அதை வைத்து வயர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். தனியாக ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தால் அதற்குள்ளும் வெளியாரைத் தடுக்கும் ஒரு ஃபயர்வால் இருக்கும், அதிலும் இந்த நெட்வொர்க்கை நம்பலாம் என்று சொல்ல வேண்டும்.

இப்போது பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸில் உங்கள் பிரிண்டரைத் தொட்டு, பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ், அதில் ஷேரிங் டேப், ஷேர் திஸ் பிரிண்டர் என்பதில் டிக். ஷேர் நேம் என்ற இடத்தில் இருக்கும் நீளமான பெயரை அழித்துவிட்டு, இடைவெளி இல்லாமல் ஐந்தாறு ஆங்கில எழுத்தில் ஏதாவது வையுங்கள். பிறகு ஓர் இடத்தில் கையால் அடிக்க வேண்டி வரலாம், அப்போது இதன் அருமை தெரியும். இன்னும் 32 பிட் விண்டோஸ் ஓடும் பழைய லேப்டாப் ஏதாவது கடையில் இருந்தால், அதே டேப்பில் அடிஷனல் டிரைவர்ஸ் என்ற பொத்தான் அதற்காகத்தான்.

அடுத்தது கடவுச்சொல். யாரைக் கேட்டாலும் "பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்கை ஆஃப் பண்ணுங்க" என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. பத்திர ஆபீஸில் ஊர்ப்பட்ட பேரின் ஆதார் நகல் கிடக்கிற கம்ப்யூட்டரை, வைஃபை கடவுச்சொல் தெரிந்த எவருக்கும் திறந்துபோடுவதில் என்ன நியாயம்? போதாததற்கு விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து, புரோ வகையில் கடவுச்சொல் இல்லாமல் கெஸ்ட்டாக நுழைவதையே அடைத்துவிட்டார்கள். திறந்து வைத்தாலும் சில மெஷினிலிருந்து போக முடியாது. அதைவிட, பிரிண்டர் மாட்டிய மெஷினில் தனியாக ஒரு பயனரை உண்டாக்கிவிடுங்கள். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுன்ட். மின்னஞ்சல் கேட்கும், இவரது விவரம் என்னிடம் இல்லை என்று சொல்லி, அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் சின்னதாக இருக்கட்டும், கடவுச்சொல் கட்டாயம் இருக்கட்டும். கடவுச்சொல் வெற்றாக இருக்கும் கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் ஏற்காது. நாலு இலக்க பின் நம்பரும் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து திறக்க மட்டும்தான், அடுத்த அறையிலிருந்து செல்லாது. "பாஸ்வேர்டு சரியாத்தான் அடிக்கேன், தப்புன்னு சொல்லுதே" என்பவர்கள் அடிப்பது பெரும்பாலும் பின் நம்பராக இருக்கும்.

இந்தப் பக்கம் முடிந்தது. அடுத்த அறை லேப்டாப்பில் ரன் பெட்டியைத் திறந்து \\192.168.1.50 என்று, பிரிண்டர் மாட்டிய மெஷினின் எண்ணைப் போட்டு என்டர் தட்டுங்கள். கோடு இடப்பக்கம் சாய்ந்தது, என்டர் பொத்தானுக்கு மேலே இருப்பது. கேள்விக்குறியோடு இருக்கும் கோடு உதவாது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பெயர் இடத்தில், பிரிண்டர் மாட்டிய கம்ப்யூட்டரின் பெயர், அதே சாய்கோடு ஒன்று, அப்புறம் நீங்கள் உண்டாக்கிய பயனர் பெயர். ரிமெம்பர் மை கிரெடென்ஷியல்ஸ் என்ற டிக்கை மறக்காதீர்கள், இல்லையென்றால் மறுநாள் காலையில் மறுபடி முதலிலிருந்து. உள்ளே போனதும் பிரிண்டர் படம் தெரியும். இரண்டு முறை கிளிக் செய்தால் டிரைவரை இழுத்துக்கொண்டு சேர்ந்துவிடும். நடுவே அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்டால் அட்மின் கடவுச்சொல் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், தப்பிக்க வழியில்லை. 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்று ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. அதை அடைக்க ஆகஸ்டில் வந்த அப்டேட்டிலிருந்துதான் இந்தக் கட்டுப்பாடு.

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அப்டேட் இன்னொன்றையும் கொண்டுவந்தது. கனெக்ட் செய்யும்போது 11பி என்று முடியும் பிழை எண். ஒரு மெஷின் அப்டேட் ஆகி, இன்னொன்று ஆகாமல் கிடக்கிற கடைகளில் இது தாராளமாக வரும். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணைப் பூஜ்யமாக்கினால் போய்விடும் என்று யூடியூபில் நிறையப் பேர் சொல்கிறார்கள். போய்விடுவது உண்மை. ஆனால் எந்த ஓட்டையை அடைத்தார்களோ அதையே திரும்பத் திறந்துவிடுகிறோம். முதலில் இரண்டு மெஷினையும் கடைசி அப்டேட் வரை கொண்டுவாருங்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் வையுங்கள். புதுசும் பழசும் கலந்த கடைகளில் இந்த மாதிரித் தகராறு கூடத்தான் செய்யும்.

அப்டேட்டுக்கும் மசியவில்லை, அல்லது 709 என்று வேறு எண் வருகிறது என்றால் நான் எடுக்கும் சுற்றுவழி ஒன்று உண்டு. கனெக்ட் செய்வதை விட்டுவிட்டு, லேப்டாப்பில் அந்த பிரிண்டர் உள்ளூரிலேயே இருப்பது போலச் சேர்ப்பது. ஆட் மேனுவலி போய், கடைசி வாய்ப்பான மேனுவல் செட்டிங்ஸோடு சேர்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். கிரியேட் எ நியூ போர்ட், வகை லோக்கல் போர்ட். போர்ட் பெயர் கேட்கும் இடத்தில் \\192.168.1.50 போட்டு, அடுத்து இன்னொரு சாய்கோடு, அதன் பின் ஷேர் நேம். அந்தப் பெயரைச் சின்னதாக வைக்கச் சொன்னது இதற்குத்தான். டிரைவரை லேப்டாப்பிலேயே தனியாக நிறுவிக்கொள்ளுங்கள். இந்த வழியில் அச்சு வேலை எதிர்ப்பக்கத்துக்கு வெறும் ஃபைல் போலப் போய்ச் சேருவதால் மேலே சொன்ன தகராறுகள் குறுக்கே வருவதில்லை. பிரிண்டரோடு இருபக்கமும் பேசியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் சில மாடல் டிரைவர்கள் மட்டும் இதற்கு ஒத்துவராது.

விண்டோஸ் 11 24எச்2-வில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தின் அடியில் விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட் என்று ஒன்று இருக்கிறது. பாதுகாப்பு என்று பெயரில் இருக்கிறதே என்று யாராவது அதை ஆன் செய்திருந்தால், தனி டிரைவர் தேவைப்படும் பழைய பிரிண்டர்கள் எல்லாம் காணாமல் போய்விடும். ஆஃப் செய்து திரும்பச் சேர்க்க வேண்டியதுதான்.

எல்லாம் ஓட ஆரம்பித்த பின் வரும் சில்லறைத் தொல்லைகள் இரண்டைச் சொல்கிறேன். வரிசையில் ஒரு ஃபைல் மாட்டிக்கொண்டு, டிலீட் கொடுத்தாலும் டிலீட்டிங் என்றே நின்றால், அதற்குப் பின்னால் எல்லோருடைய வேலையும் தேங்கும். பிரிண்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. பிரிண்டர் மாட்டிய மெஷினில் சர்வீசஸ் திறந்து, அச்சு வரிசையைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலரை ஸ்டாப் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அல்ல. மறுபடி ஸ்டார்ட். அனுப்பிய லேப்டாப்பிலும் மாட்டியிருந்தால் அங்கேயும் இதே வைத்தியம்.

இன்னொன்று தாள் அளவு. பத்திர ஆபீஸில் லீகல் சைஸ் பச்சைத் தாள், பக்கத்து மெஷினில் ஏ4. ஒவ்வொருவரும் அளவை மாற்றிவிட்டுப் போக, அடுத்தவருக்குக் கடைசி நாலு வரி வெட்டுப்படும். பிரிண்டிங் பிரிஃபரன்சஸில் மாற்றினால் அந்தப் பயனருக்கு மட்டும்தான். எல்லோருக்கும் பொதுவாக வைக்க, பிரிண்டர் மாட்டிய மெஷினில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட் டேப், பிரிண்டிங் டிஃபால்ட்ஸ். முடிந்தால் லேப்டாப்பில் அதே பிரிண்டரை லீகலுக்கு ஒன்று, ஏ4-க்கு ஒன்று என்று இரண்டு பெயரில் சேர்த்துவிடுங்கள். லோக்கல் போர்ட் வழியில் இது சுலபம். வேறு கடையிலிருந்து பென் டிரைவில் வந்த பாமினி, வானவில் எழுத்துரு ஃபைல் கிறுக்கலாக அச்சானால் அதற்கு நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள். அனுப்பும் மெஷினில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எழுதின மெஷினிலேயே பிடிஎஃப் ஆக்கி வாங்கிக்கொண்டால் எந்த பிரிண்டரிலும் அப்படியே வரும்.